தோளுக்கினியானின் கீழே

முகுந்தா,

நீ நலமாயிருக்கிறாய் என்பது நேற்றுத் தொலைபேசியில் உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. ஆகையால் நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாய். உற்சவத்தின் கடைசி நாளன்று பெருமாள் என்ன நிறப் பட்டு உடுத்தியிருந்தார் என்பது ஒன்று. ஜெர்மனியில் நீ சேர்ந்திருக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில், கணினிக்குக் கற்றுக்கொடுப்பதற்காகப் படங்களில் பெட்டி வரையப் போகிறவர்களுக்கு முதல் விதியாக எதை எழுதிவைக்கலாம் என்பது மற்றொன்று. "உனக்குத்தான் அனுபவம் இருக்கேம்மா, சொல்லேன்" என்று சீண்டினாய். இரண்டாம் கேள்விக்குச் சிரித்து மழுப்பினேன். முதல் கேள்விக்கு வாயே திறக்கவில்லை. லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டாய். லைன் சரியாகத்தான் இருந்தது. தொலைபேசியில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ என் இடுப்பு உயரத்துக்குக்கூட வளராத காலம் ஒன்று உண்டு. உனக்கு அது நினைவிருக்க நியாயமில்லை. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் திரும்புகிற முனையில், பூக்கடைக்குப் பக்கத்தில், உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். முதலில் பாசுரம் சொல்லும் கோஷ்டி வரும். பிறகு குடை தெரியும். பிறகு, தோளுக்கினியான் என்று நாம் சொல்லும் அந்தத் திறந்த பல்லக்கில் பெருமாள் ஆடி ஆடி வருவார். கூட்டம் முழுவதும் கைகளைத் தலைக்கு மேல் குவித்து நிற்கும்போது நீ மட்டும் ஒருமுறை உரக்கக் கத்தினாய்: "அம்மா, பல்லக்குக்கு எவ்ளோ கால் பாரு! அதோ அப்பா கால்! அப்பா கால் நடக்குது!" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உன்னை வாரித் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "கீழே என்னடா பார்க்கறே? மேலே பாரு, மேலே பாரு, பெருமாள் சிரிக்கிறார் பாரு" என்று உன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். ஒரு தாய் தன் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கடமை அதுவே என்று அன்று எனக்குத் தோன்றிற்று. பல ஆண்டுகள் அப்படியேதான் தோன்றிக்கொண்டும் இருந்தது.

உன் அப்பா பொதுப்பணித் துறையில் பாலங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த நாளிலிருந்தே கோயிலில் ஸ்ரீபாதம் தாங்குகிறவர், பெருமாளின் பல்லக்குக்குத் தோள் கொடுப்பவர். முன்தண்டில் இடது பக்கம் அவருடைய இடம். முன்தண்டில் தோள் கொடுப்பவருக்குப் பெருமாள் முதுகுப் பக்கம்தான் எழுந்தருளியிருப்பார். வீதியெல்லாம் கண்குளிரக் காண்கிற திருமுகத்தைச் சுமக்கிறவர் மட்டும் காண முடியாது. ஆகவே நம் வீட்டில் ஒரு வழக்கம் தானாக உண்டாயிற்று. புறப்பாடு முடிந்து அவர் வீட்டுக்கு வந்து, ஈரத்துண்டைக் கொடியில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்ததும், "இன்னைக்கு எப்படி இருந்தார்?" என்று கேட்பார். காய்ச்சிய எண்ணெயை அவர் தோளில் தேய்த்துக்கொண்டே நான் சொல்லுவேன். மனிதரை முடியிலிருந்து தொடங்கி அடிவரை பாட வேண்டும், தெய்வத்தை அடியிலிருந்து தொடங்கி முடிவரை பாட வேண்டும் என்பது நம் புலவர்கள் வைத்துவிட்டுப் போன முறை. அந்த முறை பிசகாமல் திருவடிச் சதங்கையில் தொடங்கி, பட்டின் கரை, மார்பின் பதக்கம், மாலையின் கட்டு, நெற்றிச் சுட்டி என்று ஏறிக் கிரீடத்தில் முடிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "சரி, பார்த்தாச்சு" என்பார். அதன் பிறகுதான் சாப்பாடு. நீ எத்தனையோ முறை பசியோடு தட்டின் முன் உட்கார்ந்து, "சீக்கிரம் கிரீடத்துக்கு வாம்மா" என்று கெஞ்சியிருக்கிறாய்.

நீ கணினிப் பார்வை படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கணினிக்குக் கண் ஏது என்று நான் கேட்டேன். "கேமராதான் கண்ணும்மா. ஆனா அதுக்குப் பார்க்கத் தெரியாது. வெறும் புள்ளிதான் தெரியும். எது மனுஷன், எது மரம்னு நாம சொல்லிச் சொல்லித்தான் பழக்கணும்" என்றாய். அப்பா செய்தித்தாளை இறக்காமலேயே, "ஏன்டா, ரெண்டு கண்ணு இருக்கிறவனே இந்த ஊர்ல பார்த்து ஓட்டறதில்லை. நீ கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கப் போறியாக்கும்" என்றார். நீ கோபித்துக்கொள்ளாமல், "அதுக்காகத்தான்பா" என்றாய். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. காண்பது என்பது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று, ஒருவர் காட்டித்தான் ஒருவர் காண வேண்டும் என்பதைப் பெரியோர் பாடல்களில் எவ்வளவோ படித்திருக்கிறேன். அதை என் பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாகவே படிக்கப் போகிறான் என்று பெருமாள் முன் விளக்கேற்றும்போது அவரிடமே சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இரண்டாம் ஆண்டில்தான் உன் பெரிய வேலை வந்தது. நம் ஊர்த் தெருக்களில் நடக்கிறவர்களைக் கண்டுகொண்டு, வண்டியை நிறுத்தச் சொல்லும் ஒரு கண்ணை நீ பழக்க வேண்டும். வெளிநாட்டுத் தெருப் படங்களை வைத்துப் பழக்கினால் நம் தெருவுக்கு உதவாது, நம் படங்களே வேண்டும் என்று உன் பேராசிரியை சொல்லிவிட்டார். நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு சம்பிகே ரோடெங்கும் அலைந்தாய். கூட்டம் நெருக்கமாக இருக்கும் படம் வேண்டுமென்று நம் உற்சவத்தின் எல்லா நாள் புறப்பாட்டையும் எடுத்தாய். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மனிதரைச் சுற்றியும் கையால் பெட்டி வரைந்து, 'மனிதர்' என்று குறிக்க வேண்டும். உன்னோடு சேர்ந்து செய்வதாயிருந்த நண்பன் வேலை கிடைத்தது என்று பாதியில் போய்விட்டான். உரிய நேரத்தில் முடியாவிட்டால் பட்டம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும்; பட்டம் தள்ளிப்போனால் ஜெர்மனியில் உனக்காக வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். நீ இதையெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய், சாப்பிடவில்லை. "எங்களுக்குச் சொல்லிக்கொடு, நாங்க வரையறோம்" என்று நான்தான் முதலில் சொன்னேன்.

அந்த மாதம் நம் சாப்பாட்டு மேசை இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு பக்கம் உன் பழைய மடிக்கணினியோடு அப்பா, மறுபக்கம் புதியதோடு நான், நடுவில் காபித் தம்ளர்கள். பாலத்துக்கு வரைபடம் போடுகிறவர் அல்லவா, அப்பா ஒவ்வொரு பெட்டியையும் மயிரிழை பிசகாமல் வரைவார். வரைவதைவிட வழக்காடுவதுதான் அதிகம். "டேய், துணிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மைக்குப் பெட்டி உண்டா?" "கிடையாதுப்பா." "அது பக்கத்துல அசையாம நிக்கிறாரே செக்யூரிட்டி, அவருக்கு?" "அவருக்கு உண்டு." "ரெண்டும் ஒரே மாதிரிதான்டா நிக்குது. சரி, சம்பளம் வாங்கறவருக்குப் பெட்டின்னு வெச்சுக்கறேன்." மாலையில் நீ வந்து அப்பா வரைந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்ப்பாய். நான் வரைந்ததைத் திறக்கவே மாட்டாய். "பாரு இவனை" என்பார் அப்பா. "என்னோடதை மட்டும் நோண்டி நோண்டிப் பார்க்கறான். அம்மாவோடதைக் கும்பிட்டு அப்படியே உள்ளே போட்டுக்கறான்." எனக்கு உள்ளூரப் பெருமிதமாக இருந்தது. அந்தப் பெருமிதத்தில்தான் கோயில் படங்கள் முழுவதையும் என் பங்காக எடுத்துக்கொண்டேன். அவை வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்று எனக்கு ஆசை.

நீ கொடுத்திருந்த பட்டியலில் நான்கே வகைகள் இருந்தன: மனிதர், விலங்கு, வண்டி, பொருள். முதல் புறப்பாட்டுப் படம் திறந்ததும் என் கை நின்றது. பெருமாள் நடுவில் எழுந்தருளியிருக்கிறார். அவரை எதில் சேர்ப்பது? விலங்கு அல்ல. வண்டி அல்ல. 'பொருள்' என்ற சொல்லின் மேல் அம்பை நகர்த்தவே என் விரல் மறுத்தது. விடியலில் பாடி எழுப்புகிறோம். மார்கழிக் குளிருக்குப் போர்வை சாத்துகிறோம். பால் சுடுகிறதா என்று நம் கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே அவர் முன் வைக்கிறோம். அவரைப் போய்க் குப்பைத் தொட்டியோடும் மின்கம்பத்தோடும் ஒரே வகையில் எப்படி எழுதுவேன்? திருமுடி முதல் திருவடிவரை அடங்கும்படி அழகாக ஒரு பெட்டி வரைந்து, 'மனிதர்' என்று குறித்தேன். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வியாகவே எனக்கு அது தோன்றவில்லை. அடுத்த படத்திலும் வரைந்தேன், அதற்கடுத்ததிலும். கோஷ்டியில் பாடுகிறவர்களுக்கு வரைந்தேன், குடை பிடிப்பவருக்கு வரைந்தேன், ஓரத்தில் நின்று கும்பிடுகிறவர்களுக்கெல்லாம் வரைந்தேன். ஒருவர் விடாமல் முடித்துவிட்டேன் என்றே நம்பியிருந்தேன்.

பிறகு அந்தப் பரிசோதனை நாள் வந்தது; அன்று அங்கே நடந்ததை நீ பிற்பாடுதான் எனக்குச் சொன்னாய். வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் உன் பேராசிரியையும் உட்கார்ந்திருக்க, நீ இதுவரை காணாத ஒரு வீடியோவை உன் கணினிக் கண்ணுக்குக் காட்டினார்கள். ஒரு மார்க்கெட் வாசல். பூக்கடை முகப்பில் மாலை சாத்திய சின்னப் பிள்ளையார். அவரைச் சுற்றிப் பச்சைப் பெட்டி விழுந்து, 'மனிதர்' என்று எழுதிற்று. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கணம் கூலியாள் ஒருவர் தலையில் வாழையிலைக் கட்டோடு சாலையில் இறங்கினார். கட்டு முன்னால் சரிந்து அவர் முகத்தை மறைத்திருந்தது. பெட்டி விழவில்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு அவர் நடந்து போய்ச் சேரும்வரை விழவே இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது. "இதை நம்பி ஓடற வண்டி சாமிக்கு பிரேக் போடும், மனுஷன் மேல ஏறிடும்" என்று உன் பேராசிரியை சொன்னார். மாதக் கடைசிக்குள் சரிசெய்து காட்டாவிட்டால் அடுத்த ஆண்டுதான் என்று அனுப்பிவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் திருத்தம் சொன்னாங்கம்மா, அவ்வளவுதான்" என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

மறுநாள் மாலை காபியோடு உன் அறைக்கு வந்தேன். திரையில் நான் வரைந்த பெருமாள் படம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரைச் சுற்றியிருந்த பெட்டியை நீ அழித்தாய். "அதை ஏன்டா அழிக்கறே?" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினாய். எப்படியெல்லாமோ சுற்றி வளைத்துப் பார்த்தாய். முடியாமல் கடைசியில் அந்தச் சொல் உன் வாயிலிருந்து வந்தது. "அம்மா, அது சிலைம்மா." நம் வீட்டில் அந்தச் சொல் அதுவரை ஒலித்ததில்லை. நான் தம்ளரைக் கீழே வைத்தேன். நீ அவசரமாக என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அவர் இல்லைன்னு நான் சொல்லலைம்மா. இந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வண்டி மோதினா யாருக்கு அடிபடுமோ அவங்களைச் சுத்தித்தான் இது. வேற ஒண்ணும் இல்லை." "அவருக்கு அடிபடாதுன்னு உனக்கு யார்டா சொன்னது?" என்று கேட்டேன். உண்மையில் அது எனக்கே தெரியாது. உன் பட்டம் ஒரு பக்கம், நாற்பது ஆண்டு நான் கைகுவித்த முகம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பாழாய்ப்போன பெட்டி.

பேச்சுச் சத்தம் கேட்டு அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். திரையருகே குனிந்தார். "இது கருட சேவைக்கு மறுநாள் எடுத்ததுதானே? நான் இருக்கேனே இதுல" என்றார். இன்னும் குனிந்தார். "இந்தா, இங்க வா. என் மேல பெட்டியே இல்லையே?" நீ அடுத்த படத்தைத் திறந்தாய். அதிலும் இல்லை. அதற்கடுத்ததைத் திறந்தாய். கோஷ்டிக்கு இருந்தது, குடைக்காரருக்கு இருந்தது, பெருமாளுக்கு இருந்தது. தண்டின் கீழ் யார் மேலும் இல்லை. "என்னம்மா இது," என்று சிரித்தார் அப்பா, "பல்லக்கு தானா மிதந்துகிட்டு வருதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, முகுந்தா. நான் வேண்டுமென்று விட்டவள் அல்லள். தொங்கும் பட்டுக்கும் மாலைகளுக்கும் பின்னால் குனிந்த தலைகள், துண்டு மடித்த தோள்கள், வெறுங்கால்கள். அவ்வளவையும் என் கண் பல்லக்கு என்றே எடுத்துக்கொண்டிருந்தது. நான் காணாததை உன் கணினியும் காணாமலிருக்கப் பழகிக்கொண்டது. சுமையின் கீழ் இருக்கிறவர் மனிதர் அல்லர் என்று, படத்துக்குப் படம், அவ்வளவு பொறுமையாக அதற்குக் கற்பித்தவள் நான். வாழையிலைக் கட்டின் கீழ் நடந்தவர் அதனால்தான் அதன் கண்ணில் படவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். முந்தின நாளே நீ இதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்பதும், அதை என்னிடம் சொல்லாமலிருக்கத்தான் கதவைச் சாத்திக்கொண்டாய் என்பதும் அப்போது புரிந்தது. "யார் வரைஞ்சதுன்னு அங்க கேட்டிருப்பாங்களே, என்னடா சொன்னே?" என்று அப்பா கேட்டார். "நான்தான்னு சொன்னேன்" என்றாய், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்த நேரத்தில் உன் அப்பா சொன்னதை நான் கோயிலிலோ உபன்யாசத்திலோ கேட்டதில்லை. சாவகாசமாகக் கட்டிலில் உட்கார்ந்து, "நீ ஏன் இப்படிக் கலங்கறே? அவர் எங்க இருக்கார்? என் தோள் மேல. வண்டி எனக்கு நின்னா அவருக்கும் நின்ன மாதிரிதானே? என்னைத் தட்டிவிட்டா அப்புறம் அவருக்கு மட்டும் பெட்டி போட்டு என்ன பண்றது? அவரை நாங்க பார்த்துக்கறோம். நீ எங்களைப் பாரு, போதும்" என்றார். நான் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். "எழுந்திரு, நானே அழிக்கறேன்" என்றேன். ஒவ்வொரு படமாகத் திறந்து, மனத்துக்குள் அவரிடம் விடைபெற்றுக்கொண்டு, அந்தப் பெட்டியை எடுத்தேன். எடுத்த கையோடு கீழே இறங்கித் தேடினேன். முழு உருவம் எங்கும் அகப்படவில்லை. பாதியாவது தெரிந்தால் போதும், தெரிகிற பகுதியைச் சுற்றி வரை என்றாய். தெரிந்ததெல்லாம் பாதங்கள்தாம். தெய்வத்துக்கென்று வைத்த முறையில், அடியிலிருந்துதான் அவர்களைத் தொடங்க முடிந்தது. பாதம், கணுக்கால், மடித்துக் கட்டிய வேட்டி, அதற்கு மேல் சற்றே ஒரு தோள்.

நடுவில் ஒரு படத்தில் நிறுத்தி, "இதுல எது நீங்க?" என்று கேட்டேன். "கண்டுபிடி பார்க்கலாம்" என்றார். குதிகால் வெடித்த ஒரு காலைக் காட்டி, "இதுதான்" என்றேன். "அது கோபாலன். அவன் பெண்டாட்டி கேட்டா சண்டைக்கு வந்துடப் போறா" என்றார். நீ மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால், திரையிலிருந்த பாதங்களில் என் கணவருடையது எது என்று எனக்குத் தெரியவில்லை என்பது சிரிப்பு அடங்கிய பிறகும் அங்கேயே இருந்தது. அப்போதுதான் எட்டாவது கிராஸ் முனையில் உன்னைத் தோளில் தூக்கிவைத்த மாலை நினைவுக்கு வந்தது. பேசப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை அத்தனை கால்களுக்கு நடுவே தன் அப்பா காலை ஒரே பார்வையில் கண்டுகொண்டான். அவனுடைய முகவாயைப் பிடித்து நிமிர்த்தியது என் கை.

வேலை மாதக் கடைசிக்கு முன்பே முடிந்தது. இந்தமுறை நீ என் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தாய். "அப்பாடா, நீதி கிடைச்சது" என்றார் அப்பா. மறுபரிசோதனைக்குப் போகும்போது, "யார் வரைந்தது என்று மறுபடி கேட்டால் உள்ளதைச் சொல்" என்று உன்னிடம் கண்டிப்பாகச் சொன்னேன். கேட்டார்களாம். "மொதல்ல தப்பா வரைஞ்சதும் அம்மா, திருத்தினதும் அம்மா" என்று சொன்னாயாம். பேராசிரியை அதே வீடியோவை ஓட்டினாராம். பூக்கடைப் பிள்ளையார் பெட்டியில்லாமல் தம்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். வாழையிலைக் கட்டுக்காரர் சாலையில் கால் வைத்ததுமே பச்சைப் பெட்டி அவரைப் பிடித்துக்கொண்டது. அக்கரை போய்ச் சேரும்வரை விடவில்லை. கல்லூரி வாசலிலிருந்தே நீ போன் செய்து, "விடலைம்மா, கடைசிவரை விடவே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். தேர்ச்சி பெற்றதைச் சொல்லவே மறந்துவிட்டாய். அப்பா கேட்ட பிறகுதான் சொன்னாய். ஆகஸ்டில் உன்னை விமானம் ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் ஊருக்குள் திரும்பும்போது, டாக்ஸி ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கையில் அப்பா கண்ணாடி வழியே, "இதோ ஒரு பெட்டி, அதோ ஒரு பெட்டி" என்று சாலையைக் கடப்பவர்களை எண்ணிக்கொண்டே வந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். அழாமலிருக்க எங்களுக்கு அது உதவிற்று.

இப்போது நேற்றைய கேள்விகளுக்கு வருகிறேன். இரண்டாவதை முதலில் சொல்கிறேன். உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வருகிறவர்கள் என்னைப் போலவே ஏதோ ஒரு முகத்தை நெடுங்காலம் அன்போடு பார்த்துப் பழகிய கண்களோடுதான் வருவார்கள். அதைக் குற்றமென்று சொல்லாதே. அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்காதே. எந்தப் படம் அவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறதோ அந்தப் படத்தை இரண்டாம் முறை திறக்கச் சொல். திறந்ததும், சுமை எங்கே இருக்கிறது என்று தேடச் சொல். பிறகு அதன் கீழே பார்க்கச் சொல். வரைந்தவர் உன் அம்மாவாகவே இருந்தாலும் சரிபார்க்காமல் விடாதே. விதி அவ்வளவுதான். எழுதும் முறையில் எழுத உனக்குத் தெரியும்.

முதல் கேள்வி கடினமானது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார், சொல்லிவிடுகிறேன். அவருடைய இடது தோள் மூட்டு தேய்ந்துவிட்டது. இனிப் பாரம் கூடாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். கடைசி நாள் மட்டும், கோயில் வாசலிலிருந்து பூக்கடை முனைவரை, அதற்கு மேல் ஓரடியும் இல்லை என்று டாக்டரிடமும் என்னிடமும் பேரம் பேசி அனுமதி வாங்கிக்கொண்டார். அன்று நான் வழக்கமான முனையில் நின்றேன். கோஷ்டி கடந்தது. குடை தெரிந்தது. சுற்றிலும் கைகள் உயர்ந்தன. நானும் கைகளைக் குவித்தேன். ஆனால் தலை நிமிரவில்லை, கண்ணா. கீழே, அத்தனை பாதங்களுக்கு நடுவில், முன்தண்டின் இடது பக்கத்தில், சற்றே வெளிப்பக்கம் திரும்பி ஊன்றுகிற ஒரு பாதத்தைக் கண்டுகொண்டேன். வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது என்னைக் கடந்து, முனையில் நின்று, தண்டு இன்னொருவர் தோளுக்கு மாறி, அந்தப் பாதங்கள் மட்டும் தனியே ஓரமாக ஒதுங்கும்வரை வேறெதையும் நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அவர் ஈரத்துண்டைக் கொடியில் போட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் போய் நின்றேன். "இன்னைக்கு எப்படி இருந்தார்?" என்று கேட்டார்.

"நான் பார்க்கலைங்க" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பார்க்கலையா? அப்போ என்னத்தைத்தான் பார்த்துகிட்டு நின்னே?"

"உங்க காலை."

அவர், புழுதி ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு பாதங்களையும் மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டார். நான் தோளில் எண்ணெயைத் தடவத் தொடங்கினேன்.

பட்டின் நிறத்தை நீ வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்.

அம்மா